புதுப்பிப்பு: ஐந்தரை மணி நேரம் பின்தங்கும் கடிகாரம், தீர்ந்தது

போன வாரம் புலம்பியிருந்தேன்: ஒரே கணினியில் உபுண்டுவும் (லினக்ஸ் வகை இயங்குதளம்) விண்டோஸும். உபுண்டுவில் வேலை முடித்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் பின்தங்கி நிற்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரியை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், பயனில்லை. யோசித்தால், பேட்டரி செத்திருந்தால் தேதியே பழைய வருடத்துக்கு ஓடியிருக்கும். இப்படித் துல்லியமாக 5 மணி 30 நிமிடம் பிசகாது. அது நம் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் (UTC) உள்ள வித்தியாசம் அல்லவா! அங்கேதான் பொறி தட்டியது.

மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இரண்டும் பழுதில்லை, பழக்கம்தான் வேறு.

வழி இரண்டு. 'டைம்டேட்சிடிஎல்' (timedatectl) என்ற நேர அமைப்புக் கட்டளை மூலம் லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் நிலையைப் பார்க்கும்போதெல்லாம் அதுவே எச்சரிக்கை காட்டியது, மனசு ஒப்பவில்லை. திரும்ப பழையபடி வைத்துவிட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் நேர மண்டலப் பகுதிக்குப் போய் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' (RealTimeIsUniversal) என்ற மதிப்பைச் சேர்த்து 1 என்று வைத்தேன். (ரெஜிஸ்ட்ரியில் கை வைக்குமுன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, அது வேறு கதை.)

அப்புறம் நாலு நாளாக மாறி மாறி பூட் செய்து பார்க்கிறேன், நேரம் நகரவில்லை. பழைய பேட்டரி நன்றாகவே இருக்கிறது. மேசை இழுப்பறையில் தூங்குகிறது.