வேலூர்க் கோட்டை கேமில் சூரியன் எப்படி நகரணும்?

அகழிக்கரை:
எங்கள் சின்னக் குழு 1806 வேலூர்ப் புரட்சியை வைத்து ஒரு மொபைல் கேம் செய்கிறது. கோட்டை, அகழி, ஜலகண்டேசுவரர் கோயில் எல்லாம் மாடல் செய்தாகிவிட்டது, இப்போது வெளிச்சத்தில்தான் சண்டை. கேம் செய்யும் மென்பொருளான என்ஜினோடு வந்த டெம்ப்ளேட்டில் நண்பகல் சூரியன் சாய்ந்து நிற்கிறது, நிழல் வடக்கே நீளமாக விழுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வேலூர் இல்லை. நம் ஊர் இருப்பது 12.9 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், இடைப்பட்ட நாட்களில் உச்சிக்கு வடக்கே போய்விடும். கதை நடக்கும் ஜூலை 10 அன்று நண்பகலில் 30 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு நிழல் 5 மீட்டர்தான், அதுவும் தெற்குப் பக்கம். இதை அப்படியே வைக்கணும் என்கிறேன்.

காட்பாடி ஜங்ஷன்:
நான் எதிர்க்கிறேன். உச்சி வெயிலில் தரை வெள்ளையாக வெடிக்கும், சுவர் இருண்டுபோகும், நீங்கள் மாதக்கணக்கில் செதுக்கிய மதில் கண்ணிலேயே படாது. அதைவிடப் பெரிய பிரச்சினை அந்தி. நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் வெளிச்சம் 20, 25 நிமிடத்தில் போய்விடும், லண்டனில் ஜூன் மாதம் முக்கால் மணிக்கு மேல் நிற்கும். ஜிடிஏ 5 கேம் போல நிஜத்தின் 48 நிமிடத்தில் ஒரு நாள் என்று வைத்தால் உங்கள் அந்தி முக்கால் நிமிடம்தான். பையைத் திறந்து ஆயுதம் மாற்றுவதற்குள் இருட்டிவிடும். விளையாடுபவர் அட்சரேகை பார்த்து ரசிப்பதில்லை.

ஆரணிப்பட்டு:
ஜங்ஷன் அண்ணா, சுவர் இருண்டுபோகும் என்பது நேர் வெளிச்சத்தை மட்டும் கணக்கில் வைத்தால்தான். நான் லைட்டிங் வேலைதான் செய்கிறேன், கோயிலின் கல்யாண மண்டபத்தில் மத்தியானம் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே கல் தரையில் பட்ட வெயில் உள்ளே எகிறி வந்து யாளியின் கீழ்த்தாடையையும் வயிற்றையும் அடியிலிருந்து வெளிச்சமாக்குகிறது, கண்ணுக்கு மேலே உள்ள பள்ளம் கறுப்பாக நிற்கிறது. காலையில் பார்க்கும் யாளியும் இதுவும் ஒரே முகமாகத் தெரியாது. அந்த எகிறும் வெளிச்சத்தைச் சரியாகக் கொடுத்தால் உச்சி வெயில்தான் இந்தக் கேமிலேயே நல்ல நேரம். அந்திக்கும் வழி இருக்கிறது: சூரியன் போகும் பாதையைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் மெதுவாக்குங்கள். சூரியன் அடிவானத்துக்கு 10 டிகிரி மேலே வந்ததும் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து, அதில் கூடும் நேரத்தை ஈடுகட்ட நடுப்பகலை வேகமாக ஓட்டிவிடலாம்.

காட்பாடி ஜங்ஷன்:
பேச்சுக்குச் சரி, போனில் ஓடணுமே! சூரியன் நகர்ந்துகொண்டே இருந்தால் நிழல் எங்கே விழும் என்று குறிக்கும் நிழல் மேப்பை ஓயாமல் திரும்ப வரையணும், தாழ்ந்த சூரியனில் நிழல் ஓரமெல்லாம் ஊர்ந்து நடுங்கும். சாதாரண போன் பத்து நிமிடத்தில் சூடாகி ஃப்ரேம் விழும், படம் திக்கித் திக்கி ஓடும். காலை, மதியம், மாலை, இரவு என்று நாலு வெளிச்சத்தைச் சுட்டு, அதாவது முன்கூட்டியே கணக்கிட்டு, வைத்துவிட்டு மாற்றிக்கொண்டால் போதும்.

அகழிக்கரை:
நாலு போதாது. எட்டு நேரங்களுக்கு எகிறி வரும் மறைமுக வெளிச்சத்தை மட்டும் சுட்டு வைத்து இரண்டிரண்டாகக் கலக்கலாம். நேர் வெளிச்சத்தைத் தொடர்ந்து நகர்த்தாமல் அரை டிகிரி சேர்ந்ததும் ஒரு தாவல், அதையும் கேமரா திரும்பும்போது செய்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கிழக்கே உள்ள மலைகளை விடமாட்டேன். வானம் வெளுத்த பிறகும் கோட்டை கொஞ்ச நேரம் மலை நிழலிலேயே இருக்கும். அந்த நேரம் வேறெந்த ஊர் கேமிலும் கிடைக்காது.

தீவட்டி:
பகலையே பேசுகிறீர்கள், புரட்சி வெடித்தது விடிவதற்கு முன்பு. 1806 ஜூன் 16 முழு சூரிய கிரகணம், அப்படியென்றால் அமாவாசை. அதிலிருந்து எண்ணிப் பாருங்கள், ஜூலை 10 அன்று பாதிக்கும் குறைந்த தேய்பிறை நிலா, நள்ளிரவு தாண்டித்தான் எழும். சிப்பாய்கள் கிளம்பும்போது அது கிழக்கே தாழ்வாக நிற்கும், கிழக்கு மதிலின் உள்பக்கம் முழு இருட்டு. ஒளிந்து நகர இதைவிட நல்ல மேப் யாராலும் வடிவமைக்க முடியாது, வானமே கொடுத்திருக்கிறது. அப்புறம் காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வருகிறார், அதற்குள் ஒளிய இடமே இல்லாத வெயில். இருட்டில் சிப்பாய்கள் கையிலிருந்த கோட்டை வெளிச்சத்தில் பறிபோகிறது. வெளிச்சத்தில் பொய் சொன்னால் கதையே போய்விடும்.

காட்பாடி ஜங்ஷன்:
இது நல்ல வாதம், நிலாவின் திசையை நானும் ஏற்கிறேன். அளவை ஏற்கமாட்டேன். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் வெயில் ஒரு லட்சம் என்றால் பௌர்ணமியே கால் லக்ஸ், உங்கள் தேய்பிறை அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விளையாடுபவருக்குக் கறுப்புத் திரைதான். நீலம் கலந்து தூக்கியே ஆகணும். நிலா வெளிச்சம் நிஜத்தில் நீலம் இல்லை, வெயிலைவிட மஞ்சள்தான், ஆனால் மங்கலில் நம் கண் அதை நீலமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அது பொய்யும் இல்லை.

தீவட்டி:
நீலம் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். வழி காட்ட எண்ணெய் விளக்கும் தீவட்டியும் இருக்கின்றன. காவலாளி கையில் தீவட்டி இருந்தால் அவர் எங்கே என்று விளையாடுபவருக்குத் தெரியும், விளையாடுபவர் எங்கே என்று காவலாளிக்குத் தெரியாது.

ஆரணிப்பட்டு:
அந்தத் தீவட்டியின் நிறம் 1900 கெல்வின் பக்கம், அதாவது ஆரஞ்சாக, இருக்கணும், நீலத்துக்கு எதிரே அப்போதுதான் எடுபடும். குறைந்தபட்ச வெளிச்சத்துக்கு அமைப்புகளில் ஒரு ஸ்லைடர் கொடுத்துவிடுங்கள், பஸ்ஸுக்கு அது போதும்.

காட்பாடி ஜங்ஷன்:
ஸ்லைடர் சரி. ஓட்டிப் பார்க்கும்படி கேமின் ஒரு பில்டு போடுங்கள், என் பழைய போனில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அந்தி மூன்று நிமிடமாவது நிற்கணும், அதில் இறங்கி வரமாட்டேன்.