புதுப்பிப்பு: ஆறு வயது மகளுக்கான கல்விக் காணொளி அலைவரிசைகள்

என் மகள் பாடக் காணொளியில் தொடங்கி, தொடர்பில்லாத பொம்மை விளம்பரங்களுக்குப் போய்விடுகிறாள், என்ன செய்வது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில், யூடியூப் கிட்ஸ் செயலியில் 5 முதல் 8 வயதினருக்கான பிரிவைத் தேர்ந்தெடுத்தேன். அதில் பொம்மைக் காணொளிகள் குறைந்தனவே தவிர நிற்கவில்லை. பலன் தந்தது, பெற்றோர் ஒப்புதல் அளித்தவற்றை மட்டும் காட்டும் அமைப்புக்கு மாற்றுமாறு ஓர் அன்பர் கூறிய யோசனைதான். ஒவ்வோர் அலைவரிசையிலும் மூன்று காணொளிகளையாவது நானே முழுமையாகப் பார்த்த பின்னரே ஒப்புதல் அளித்தேன்.

எதிர்பாராதவை இரண்டு. அந்த அமைப்பில் தேடும் வசதி இல்லாததால், புதிதாக ஒன்றை அறிய விரும்பினால் மகள் என்னிடம் வந்து கேட்கிறாள். எனக்கு இதுவே பெரிய நன்மையாகத் தோன்றுகிறது. அத்துடன், நான் விரும்பிய சில அலைவரிசைகள் அச்செயலியில் இல்லை. ஆகவே, பழைய பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் தமிழ்க் காணொளிகளை அவருடைய இணையதளத்தின் வழியாக, அவளருகே அமர்ந்து பார்க்கிறோம். நேற்று உறிஞ்சுகுழாயை வெட்டி ஊதல் செய்து, மாலை முழுவதும் ஊதிக்கொண்டிருந்தாள்.