தோட்டத்துக் கொலை வழக்கு: 15 வருடம் சரியா?

லயத்துக்காரி:
சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பெண்டாட்டியை அடித்துக் கொன்றவனுக்குப் போன வியாழக்கிழமை ஈப்போ உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு. முதலில் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 302, கொலைக் குற்றம். அப்புறம் 304(அ), அதாவது கொலை என்று ஆகாத மரணம் விளைவித்த குற்றம் என்று மாற்றினார்கள், அவனும் ஒத்துக்கொண்டான். கைதான நாளிலிருந்து 15 வருடம். நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் 10. அதில் இரண்டு ரிமாண்டிலேயே போய்விட்டது. மிச்சம் எட்டு. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவள் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும்போது அப்பா வாசலில் வந்து நிற்பான். இது சரியா?

பழைய மொழிபெயர்ப்பாளர்:
தங்கச்சி, உங்கள் வேதனை புரிகிறது. நான் பல வருடம் கோர்ட்டில் மொழிபெயர்த்தவன். சம்பள நாள், சம்சுச் சாராயம், சோற்றுத் தட்டில் ஆரம்பித்த சண்டை, அவன் அறைந்து தள்ளியதில் குசினித் திண்டில் அவள் தலை மோதியது. கத்தி இல்லை, திட்டம் இல்லை. கொல்லும் எண்ணத்தை நிரூபிப்பது கஷ்டம். திடீர்ச் சண்டையில் நடந்தால் கொலைக் குற்றம் ஆகாது என்று சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. 304(அ)வுக்கு அதிகபட்சம் 30 வருடம், கொல்லும் எண்ணமில்லாமல், சாகலாம் என்று தெரிந்தே செய்தால் 304(ஆ), அதற்கு 10தான். குற்றத்தை ஒத்துக்கொண்டவனுக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறைப்பது வழக்கம். 15 வருடம் குறைந்த தண்டனை இல்லை.

லயத்துக்காரி:
திடீர்ச் சண்டையா, அண்ணே? அவள் என்னோடு மருந்தடிக்கும் வேலை பார்த்தவள். அந்த வேலைக்கு எல்லாருக்கும் கை நீளச் சட்டைதான். வேலை முடிந்ததும் நாங்கள் பைப்படியில் கழற்றிப்போட்டுக் கை கழுவுவோம். அவள் மட்டும் சட்டையோடே கழுவிக்கொண்டு போவாள். ராத்திரியில் பிள்ளையை அனுப்பி ஐஸ் கேட்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள். ஐஸ் வாங்க வந்து நிற்கிறதே அந்தப் பிள்ளைதான், அதன் நெற்றியைத் தொட்டால் சுடாது.

மூன்று வருடத்தில் இரண்டு போலீஸ் ரிப்போர்ட் செய்தாள். இரண்டு தடவையும் அடுத்த வாரமே அவன் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய், ‘சமாதானமாகிவிட்டோம்’ என்று இன்னொரு ரிப்போர்ட் செய்யவைத்தான். விலாவில் பழைய முறிவு இருந்ததாகச் சவப்பரிசோதனையில் வந்திருக்கிறது. இதெல்லாம் அந்த ‘திடீரில்’ சேராதா?

பழைய மொழிபெயர்ப்பாளர்:
இரண்டாவது ரிப்போர்ட் செய்தால் முதல் ரிப்போர்ட் செத்துவிடாது. வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசுத் தரப்புதான், மனைவி இல்லை. அப்போதே வழக்குப் போட்டிருக்க வேண்டும், அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் நிரூபிக்காத அடிக்கெல்லாம் நீதிபதி இப்போது தண்டனையைக் கூட்ட முடியாது. அவர் முன்னால் நின்றவன் இதற்கு முன் தண்டனை பெறாதவன். அதையும் அவர் கணக்கில் எடுத்துத்தான் ஆகவேண்டும்.

லயத்துக்காரி:
என் வயிறு எரிவதே அந்த இடத்தில்தான். அவன் எப்படி முதல் குற்றவாளி ஆனான்? அவள் வாயை அடைத்து அடைத்து ஆனான். மனைவியைக் காயப்படுத்தினால் சாதாரணக் காயத்துக்கு உள்ள சிறைத்தண்டனையைப் போல இரண்டு மடங்குவரை கொடுக்கலாம் என்று 326அ பிரிவு சொல்கிறது. அதில் ஒரு தடவை அவனைக் கோர்ட்டில் நிறுத்தியிருந்தால் இன்று ‘முதல் குற்றம், கருணை காட்டுங்கள்’ என்று வக்கீல் கேட்டிருக்க முடியாது. பயமுறுத்தி வாங்கிய இரண்டு பேப்பருக்காகத் தண்டனை குறைகிறது.

சிப்புட் தம்பி:
அக்கா, தூக்கா கேட்கிறீர்கள்? நானும் இப்படி ஒரு வீட்டுப் பிள்ளைதான். எங்கள் அம்மா பிழைத்துக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா உள்ளே போன ஒரே மாதத்தில் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலை அவர் பேரில், வீடும் அவர் பேரில். அதற்குப் பயந்துதான் அம்மா அத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. வருடத்தைக் கூட்டுவதால் அடுத்த லயத்தில் அடி வாங்குகிறவளுக்கு என்ன கிடைக்கும்?

லயத்துக்காரி:
தூக்கு கேட்கவில்லை தம்பி. 2023 ஜூலையிலிருந்து 302க்குத் தூக்குக் கட்டாயமும் இல்லை. தூக்கு இல்லையென்றால் 30லிருந்து 40 வருடம், குறைந்தது 12 ரோத்தான், அதாவது பிரம்படி. விசாரணையை நடத்தியிருக்கலாமே என்கிறேன்.

பழைய மொழிபெயர்ப்பாளர்:
நடத்தியிருந்தால் சாட்சி யார்? குசினி வாசலில் நின்ற அந்தப் பிள்ளை. அவளைக் கூண்டில் ஏற்றி, அப்பா எந்தக் கையால் அடித்தார், நீ எங்கே நின்றாய் என்று குறுக்கு விசாரணை செய்வார்கள். நான் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். பதில் வராது, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகும் வழக்கு 304(ஆ)வுக்கு இறங்கலாம். அவன் ஒத்துக்கொண்டதால் அந்தப் பிள்ளை தப்பித்தது.

லயத்துக்காரி:
அதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. அதை மட்டும்.

ஈப்போ மருமகள்:
நான் ஒன்று கேட்கலாமா? அடிபட்டவளே ஒருநாள் புருஷனைக் கொன்றுவிட்டால், அவளுக்கும் இந்த விதிவிலக்குகள்தான் கதி. ஆனால் ‘திடீர்’ என்ற சொல் கை ஓங்குகிறவனுக்குத்தான் பொருந்துகிறது. பயந்தவள் அவன் தூங்கும்வரை காத்திருப்பாள், உடனே அது திட்டம் ஆகிவிடும். இந்த விதிவிலக்கின் கதவை இறுக்கச் சொன்னால் அவளுக்கும் சேர்த்துத்தான் இறுகும்.

லயத்துக்காரி:
இறுக்கச் சொல்லவில்லை அம்மா. அவன் நின்றாலும் அவள் நின்றாலும் அன்று ராத்திரிக்கு முன்னால் நடந்ததையும் கோர்ட்டில் சொல்லட்டும் என்கிறேன்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் வந்தது, 1996இலிருந்து அமலில் இருக்கிறது. வீடு புருஷன் பேரில் இருந்தாலும் அவனை வெளியே அனுப்ப கோர்ட் உத்தரவு போடலாம். 2018இலிருந்து சமூகநல அதிகாரியே ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், போலீஸ் ரிப்போர்ட் கூட வேண்டாம். 15999 உதவி எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். அவள் சாகும்வரை இது எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ஐஸ் கொடுத்து அனுப்பியிருக்க மாட்டேன்.

பழைய மொழிபெயர்ப்பாளர்:
தீர்ப்புக்கு முன்னால் அவளுடைய அம்மா பேசினாரா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183அ பிரிவின்படி, குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் தண்டனை சொல்லுமுன் தங்களுக்கு நேர்ந்ததை நீதிபதியிடம் சொல்லலாம். 2012இலிருந்து இருக்கிறது.

லயத்துக்காரி:
கடைசி வரிசையில் மகளுடைய ஐசி அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கும் தெரியாது.

பழைய மொழிபெயர்ப்பாளர்:
15 வருடம் தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தத் தாயைக் கேட்காமல் முடித்தது தப்பு. தண்டனை போதாது என்று அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யலாம், அதற்கான நோட்டீஸ் 14 நாளுக்குள் போக வேண்டும். வியாழக்கிழமையிலிருந்து இன்று ஆறாவது நாள். செய்வதும் விடுவதும் அவர்கள் முடிவு, நாம் கடிதம் கொடுக்கலாம். அம்மா சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதித் தருகிறேன். ரிப்போர்ட் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம்.

லயத்துக்காரி:
முதல் ரிப்போர்ட்டின் நகல் என்னிடம்தான் இருக்கிறது அண்ணே. அவன் கிழித்துவிடுவான் என்று என் மாவு டின்னில் வைக்கச் சொன்னாள். நாளைக்குக் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.