சும்மா படத்துக்குப் போற பழக்கம் எங்க போச்சு?

கரிசக்காட்டான்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல கிடக்குற கேள்வி. நமக்கு கோவில்பட்டி பக்கம். ஊர்ல இருந்த ஒரே தியேட்டரை போன மாசம் இடிச்சுட்டாங்க, கல்யாண மண்டபம் வரப்போகுதாம். எல்லாத்தையும் தள்ளுன பிறகும் ஸ்கிரீன் இருந்த சுவரு மட்டும் வெள்ளையா தனியா நின்னுச்சு, ரெண்டு நாள் கழிச்சு அதுவும் போச்சு. நான் அதுக்குள்ள போயே ஆறு வருஷம் ஆச்சு, அதுதான் உறுத்துது.

சின்ன வயசுல என்ன படம்னு கூட கேக்க மாட்டோம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு அப்பா கைலியை மாத்தி வேட்டி கட்டுனா செகண்ட் ஷோன்னு அர்த்தம். படம் விடுற நேரத்துக்குன்னே கடைசி டவுன் பஸ் வாசல்ல நிக்கும், டிரைவரும் கண்டக்டரும் கிளைமாக்ஸை உள்ள வந்து நின்னு பார்த்துட்டுத்தான் வண்டிய எடுப்பாங்க. இப்ப அந்த பஸ்ஸும் இல்ல.

ஆனா பெரிய ஹீரோ படம்னா இதே ஊர்ப் பசங்க வேன் பிடிச்சு திருநெல்வேலி வரைக்கும் போறாங்க, அப்ப சினிமா ஆசை எங்கயும் போகலையே. சென்னையில சாந்தி தியேட்டரை 2016ல மூடுனாங்க, உதயம் தியேட்டரும் 2024ல போச்சு, எல்லாரும் ஓடிடி ஓடிடின்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுறாங்க. அது மட்டும்தான் காரணமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரீல்பெட்டி:

தம்பி, நான் 1988ல இருந்து இருபது வருஷத்துக்கு மேல கும்பகோணம் பக்கம் தியேட்டர்ல படம் ஓட்டுற ஆபரேட்டரா இருந்தவன். ஓடிடிங்கிற பேரே நம்ம காதுல விழறதுக்கு முன்னாடியே இது ஆரம்பிச்சுடுச்சு, என் கண்ணால பார்த்ததை சொல்றேன்.

ஃபிலிம் காலத்துல ஒரு பிரிண்ட் போடவே அம்பதாயிரத்துக்கு மேல ஆகும், அதனால ஒரு ஏரியாவுக்கு விரல் விட்டு எண்ணுற அளவுதான் ஃபிலிம் பொட்டி வரும். முதல்ல திருச்சி, தஞ்சாவூர்ல ஓடும், அப்புறம் எங்களுக்கு வரும், எங்ககிட்ட ஓடித் தேஞ்சு மழை பெய்யுற மாதிரி கோடு விழுந்த பிறகு டூரிங் டாக்கீஸ்க்குப் போகும். சில சமயம் ரெண்டு தியேட்டருக்கு ஒரே பிரிண்ட், இங்க ஓடி முடிஞ்ச ரீலை பையன் சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு அங்க பறப்பான், அவன் வர லேட்டானா உள்ள விசில் கிழியும். நான் மெஷினுக்கு வெளிச்சம் தர்ற கார்பன் குச்சி கரையக் கரைய இடைவெளி கூடாம திருகிக்கிட்டே, ரீல் முடியப் போகுதுன்னு காட்டுற பொட்டு ஸ்கிரீனோட வலது மேல் மூலைல விழுதான்னு பார்த்துக்கிட்டு நிப்பேன், முதல் பொட்டுக்கு அடுத்த மெஷின் மோட்டாரைப் போடணும், ரெண்டாவது பொட்டுக்கு மாத்தணும். ஒரு செகண்ட் தப்புனா ஜனம் மேல திரும்பிப் பார்க்கும்.

இதை எதுக்கு சொல்றேன்னா, அந்தத் தட்டுப்பாடுதான் படத்தை நூறு நாள் ஓட வச்சது. டிஜிட்டல் வந்துச்சு, பொட்டி தேவையில்ல, ஒரே நாள்ல தமிழ்நாடு பூரா நூத்துக்கணக்கான ஸ்கிரீன்ல போட்டுடுறாங்க. மூணு மாசம் வர வேண்டிய கூட்டம் வெள்ளி, சனி, ஞாயிறுல வந்துட்டுப் போயிடுது, திங்கக்கிழமை மேட்னிக்கு பதினஞ்சு பேரு. இதுல தியேட்டர்காரனுக்கு என்ன அடின்னா, பெரிய படத்துக்கு முதல் வாரம் கலெக்ஷன்ல எழுபது சதவீதத்துக்கு மேல விநியோகஸ்தருக்குப் போயிடும், வாரம் போகப் போகத்தான் தியேட்டர் பங்கு ஏறும். அந்த மூணாவது நாலாவது வாரம்தான் எங்க முதலாளிக்கு சோறு. இப்ப அந்த வாரமே கிடையாது. டிஜிட்டலால பிரிண்ட் செலவு மிச்சம்னு சொன்னாங்க, ஆனா டிஜிட்டல்ல படம் போடுறதுக்கான புரொஜெக்ஷன் கட்டணத்தை யார் கட்டுறதுங்கிற சண்டைல 2018 மார்ச்ல இருந்து ஒன்றரை மாசம் புதுப் படமே வரல, ஞாபகம் இருக்கும்.

மலைக்கோட்டை_அம்மா:

எல்லாரும் ஆம்பளைங்க கணக்காவே பேசறீங்க. தியேட்டரை வாரநாள்ல ரொப்புனது நாங்கதாங்க. மேட்னி ஷோக்கு தெருவுல எட்டு பத்து பேரு சேர்ந்து போவோம், லேடீஸ் கவுண்டர்ல கம்பிக்கு நடுவுல நசுங்கி டிக்கெட் எடுத்து, வீட்டுல வறுத்த கடலைய மடில முடிஞ்சுக்கிட்டு போய், அழுது தீர்த்துட்டு நாலரை மணிக்கு வந்து பிள்ளைகளுக்கு காபி போடுவோம். முதல்ல சீரியல் எங்கள வீட்டுல உக்கார வச்சுது, அதுக்கப்புறம் எங்கள திரும்பக் கூப்பிடணும்னு யாருக்குமே தோணல.

2024 தீபாவளிக்கு நாலு பேரு மால் தியேட்டருக்குப் போனோம். டிக்கெட் 190, போன்ல புக் பண்ணதுக்கு ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனிக் காசு, அங்கயே தொள்ளாயிரம் ஆச்சு. உள்ள போனதும் சின்னவன் பாப்கார்ன் கேட்டான், பைல தண்ணி பாட்டில் வச்சிருந்ததை வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்க, ரெண்டு பாப்கார்ன் ரெண்டு தண்ணி, பார்க்கிங் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வர்றப்ப ஆயிரத்தி எழுநூறு. என் மளிகைக் கணக்குல அது ஒரு வாரம். அதுக்காவது படம் நல்லா இருந்துச்சான்னா, வெட்டு குத்து ரத்தம், பொண்ணு முகத்தை என் தோள்ல புதைச்சுக்கிட்டு பாதி படம் உக்காந்திருந்தா. 2024ல அந்த மலையாளப் படம் மஞ்சுமெல் பாய்ஸ் வந்தப்ப பாருங்க, நம்ம ஹீரோ யாருமே இல்ல, பாதி பேச்சு மலையாளம், எங்க தெருவே கிளம்பிப் போய் பார்த்துச்சு. கூப்பிட்டா வருவோம்.

நைட்ஷிஃப்ட்_சென்னை:

என் வயசுப் பசங்க சார்பா ஒண்ணு. முதல் ஷோ காலைல ஒம்பது மணி, இன்டர்வெல்லயே ட்விட்டர்ல தீர்ப்பு வந்துடும். சுமார்னு தெரிஞ்சா விட்டுடுவோம், ஏன்னா நாலு வாரத்துல வீட்டுக்கே வந்துடும்னு தெரியும். சூப்பர்னா மட்டும்தான் போறது. சுமாரான படம்னு ஒண்ணு முன்னாடி ஓடுச்சுல்ல, அதுதான் செத்துப்போச்சு. ஆனா வீட்டுல பார்க்குறப்ப ஒரு படத்தை மூணு நாளா துண்டு துண்டா பார்க்குறேன், நடுவுல போனை எடுத்துடுறேன். தியேட்டர்ல பார்த்த படம்தான் இன்னும் நினைவுல நிக்குது, அது என்னவோ உண்மை.

நொய்யல்கரை:

நாங்க தியேட்டர் வச்சு நடத்தற குடும்பமுங்க, திருப்பூர் பக்கம். மேல அந்த அக்கா சொன்ன 190க்கு கணக்கு சொல்லிடறனுங்க. 150 ரூபாய் டிக்கெட், அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அப்புறம் உள்ளாட்சிக்கு கேளிக்கை வரி அப்ப 8 சதவீதம் இருந்துச்சு, கூட்டிப் பாருங்க, 189 வருதுங்களா? 2017 ஜூலைல 28 சதவீத ஜிஎஸ்டிக்கு மேல கேளிக்கை வரி 30ன்னு போட்டப்ப தமிழ்நாடு பூரா நாலு நாள் நாங்க தியேட்டரை மூடிப் போட்டோம், அப்புறந்தான் இறங்குச்சு. தண்ணி பாட்டிலைப் புடுங்கறது தப்புதானுங்க அக்கா, எங்ககிட்ட அந்த வழக்கம் இல்லீங்க. ஆனா கேன்டீன் இல்லீன்னா கரண்ட் பில் கட்ட முடியாதுங்கறதும் நெசம், அஞ்சு பேரு வந்தாலும் ஏசி அதே ஏசிதான ஓடோணும்.

எங்களுது 850 சீட்டு ஒரே ஹாலா இருந்துச்சுங்க. அதை நடுவுல சுவரு வச்சு ரெண்டாக்கிட்டோம். சுவரு எழுப்பற அன்னிக்கு எங்கப்பா கீழ வேலை நடக்கற பக்கமே வரலீங்க, பால்கனில மொத வரிசைல போய் தனியா உக்காந்துட்டாரு. ஆனா அப்படிச் செஞ்சதுனாலதான் இன்னும் நடக்குது.

ஓடிடி கம்பெனிக்காரங்க முன்ன மாதிரி கண்ணை மூடிட்டு எல்லாப் படத்தையும் வாங்கறதில்லீங்க இப்ப. அதனால தயாரிப்பாளர் எல்லாம் மறுபடி தியேட்டரைப் பார்க்கறாங்க. இந்திப் படத்துக்கு பெரிய மல்டிபிளெக்ஸ் எல்லாம் எட்டு வாரம் கழிச்சுத்தான் ஓடிடின்னு பிடிவாதமா நிக்கறாங்க, தமிழுக்கு பெரும்பாலும் நாலு வாரந்தான் இருந்துச்சு. அந்த எட்டு வாரம் எங்களுக்கும் கிடைச்சா, வாய்வழியா நல்ல பேரு பரவி ரெண்டாவது வாரம் ஏறற சின்னப் படத்துக்கு உசுரு வரும். 2024ல கில்லியைத் திரும்பப் போட்டப்ப அது வந்த வருஷம் பொறக்காத பசங்க எல்லாம் எந்திரிச்சு ஆடுனாங்க, இருவது வருஷப் படமுங்க, டிவில நூறு தடவை பார்த்ததுதான். கூட்டத்தோட கூட்டமா பார்க்கறதுக்குத்தான் வந்தாங்க, வேறென்ன.

2025 செப்டம்பர்ல இருந்து நூறு ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆயிடுச்சு. நாங்க செவ்வாய், புதன் மேட்னிக்கு 80 ரூபாய்னு போட்டிருக்கறோம். பனியன் கம்பெனில நைட் வேலை பார்க்கற பொண்ணுங்க கொஞ்சம் பேரு வர ஆரம்பிச்சிருக்காங்க, முப்பது நாப்பது பேருதான், ஆனா போன வருஷம் அந்த ஷோக்கு ஆறு பேரு.

மலைக்கோட்டை_அம்மா:

80 ரூபாய்னா நாங்க பத்து பேரு கிளம்பிடுவோம் தம்பி. திருச்சிலயும் யாராவது போடுங்கப்பா.

கரிசக்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. ரீல்பெட்டி ஐயா எழுதுனதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், வலது மூலைப் பொட்டுன்னதும் "ஆமா, அதைப் பார்த்திருக்கேன், ஃபிலிம்ல ஓட்டைன்னு நினைச்சேன்"னாரு. வர்ற புதன்கிழமை லீவு போட்டுட்டு அவரைக் கூட்டிட்டு கோவில்பட்டி போறேன், மேட்னிக்கு. என்ன படம் ஓடுதுன்னு இன்னும் பார்க்கல.