பெயர் தேய்ந்த பித்தளை அடுப்பு: யார் செய்தது?

வணக்கம் நண்பர்களே. பழைய பெட்ரோல் கேம்பிங் அடுப்பு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. சின்னப் பித்தளை டேங்க், பர்னரைச் சுற்றித் துளை போட்ட காற்றுத்தடுப்பு, கவிழ்த்தால் குட்டிப் பாத்திரமாகும் மூடி. பம்ப் கிடையாது. டேங்க் மேலுள்ள குழியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால், அந்தச் சூட்டிலேயே அழுத்தம் ஏறிப் பெட்ரோல் ஆவியாகிற வகை.

பார்த்தால் 1955-இல் வந்த ஸ்வேயா 123 என்ற ஸ்வீடன் அடுப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் யாரோ பாலிஷ் போட்டுப் போட்டே முத்திரையை அழித்துவிட்டார்கள் (பளபளப்பு மோகம்!). ‘மேட் இன் ஸ்வீ’ மட்டும் மிச்சம். ஸ்வீடன் என்று வைத்தாலும் பிரைமஸ், ஆப்டிமஸ், ரேடியஸ் என்று அடுப்புக் கம்பெனிகள் எல்லாம் அந்த ஊர்தானே!

ஒரு துப்பு: தீயைக் கூட்டிக் குறைக்கும் சாவியைத் திருப்பினால், ஜெட்டை (பெட்ரோல் ஆவி வெளிவரும் சின்னத் துளை) சுத்தம் செய்யும் ஊசி மேலே வரவில்லை. அப்படியென்றால் இந்த ஊசியோடு பின்னால் வந்த ஸ்வேயா 123R இல்லை, அதற்கு முந்தைய 123 என்று நினைக்கிறேன். சரியா?

அப்புறம், டேங்க் மூடியில் உள்ள சேஃப்டி வால்வின் ரப்பர் கல்லாய் இறுகிவிட்டது. அதை மாற்றாமல் பற்றவைக்க எனக்குத் தைரியமில்லை. பெட்ரோலும் சூடும் தாங்கும் விட்டான் ரப்பரில் வெட்டிப் போட்டவர்கள் இருந்தால், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று சொல்லுங்கள்.