மெரிட் பேட்ஜ் கவுன்சிலருக்குத் தமிழ்ச்சொல்: 'சான்றாசிரியர்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் ஒரு துறையைக் கற்றுச் செய்து முடிக்கும் பிள்ளைக்குத் தருகிற திறமைச் சின்னம்தான் மெரிட் பேட்ஜ். அதைக் கற்றுத் தந்து சான்றளிக்கிற மெரிட் பேட்ஜ் கவுன்சிலருக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். ஆலோசகர், வழிகாட்டி, பயிற்றுநர், தேர்வாளர், கலந்தாய்வாளர் என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. 'கவுன்சிலர்' என்றே எழுதிவிட்டால் என்ன என்றும் ஒருவர் கேட்டிருந்தார். எழுதலாம். ஆனால் தமிழில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய் நிற்கிற வீடு அது. பிள்ளைக்கு நீச்சல் சின்னம் கொடுப்பவரை அந்தப் பெயரால் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

இது யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் எங்கள் சாரணர் படையில் புதிதாகச் சேரும் தமிழ்ப் பெற்றோருக்காக நான்கு பக்கக் குறிப்பு ஒன்று தயாரிக்கிறோம். எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனாலும் கவுன்சிலர் என்று படித்ததும் ஒருவருக்குப் பள்ளிக்கூட மனநல ஆலோசகர் நினைவுக்கு வருகிறார், இன்னொருவருக்கு டியூஷன் வாத்தியார். அட்வான்ஸ்மென்ட் (சாரணர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவது) என்றால் ஆபீஸ் புரமோஷன். பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கவுன்சிலர் செய்கிற வேலை இதுதான். ஸ்கௌட்டிங் அமெரிக்காவில் (2025 பிப்ரவரி வரை பாய் ஸ்கௌட்ஸ் ஆஃப் அமெரிக்கா) 130-க்கும் மேற்பட்ட திறமைச் சின்னங்கள் இருக்கின்றன. முதலுதவி, சமையல், நீச்சல், காட்டியல், கைரேகை, சதுரங்கம், ரோபாட்டிக்ஸ் என்று எல்லாத் துறையிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அந்தத் துறை தெரிந்த, 18 வயது நிரம்பிய ஒருவர் பொறுப்பு. அவர் பதிவு செய்திருக்க வேண்டும், சிறார் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், வட்டார மன்றம் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். படையில் நல்ல பெயர் எடுத்த அப்பா என்பது மட்டும் போதாது.

பிள்ளைதான் அவரைத் தொடர்புகொள்ள வேண்டும். கூடவே ஒரு துணை வர வேண்டும், தனியாகச் சந்திக்கக் கூடாது. அதற்கு முன் படையை நடத்துகிற சாரண ஆசிரியர் (ஸ்கௌட் மாஸ்டர்) நீல அட்டை ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் தருவார். மூன்று துண்டாகக் கிழிக்கிற மாதிரி மடிப்புள்ள அட்டை. ஒவ்வொரு பணியும் முடிய முடிய அதில் தேதியும் கவுன்சிலரின் முதலெழுத்தும் ஏறும். எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டு கவுன்சிலருக்கு, ஒன்று படைக்கு, ஒன்று பிள்ளைக்கு. இப்போது நிறைய படைகளில் இது கணினிக்குப் போய்விட்டது. ஆனாலும் அட்டையைச் சட்டைப்பையில் வைத்து நாலாக மடித்து, துவைத்து, காயவைத்துக் கொண்டுவருகிற பிள்ளைகள் எங்களிடம் இன்னமும் உண்டு.

சொல்லைத் தீர்மானிக்க வேண்டியது இனி வரும் விஷயம். கவுன்சிலர் கற்றுத் தருவார், செய்யச் சொல்லிப் பார்ப்பார், கையெழுத்தும் போடுவார். முறைப்படி போட்ட அந்தக் கையெழுத்துக்கு மேல் முறையீடு கிடையாது. சாரண ஆசிரியர் "எங்கே, எனக்கு ஒரு தடவை முடிச்சுப் போட்டுக் காட்டு" என்று மறுபடியும் சோதித்துச் சின்னத்தைத் தடுக்க முடியாது. அடுத்த படிக்குப் போகும்போது பெரியவர்கள் மூன்று பேராவது உட்கார்ந்து பேசுகிற குழு ஒன்று இருக்கிறது. அவர்களும் மறுதேர்வு வைக்கக் கூடாது, அனுபவம் எப்படி இருந்தது என்றுதான் கேட்கலாம்.

அப்படிப் பார்த்தால் ஆலோசகர் போய்விடுகிறது. ஆலோசனையை யாரும் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். வழிகாட்டியும் அதே கணக்கு. பயிற்றுநரில் சோதனை இல்லை, தேர்வாளரில் கற்பித்தல் இல்லை. கலந்தாய்வாளர் நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டுப் பெற்றோருக்குக் கலந்தாய்வு என்றால் அண்ணா பல்கலைக்கழகம், கட்-ஆஃப், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்பதெல்லாம்தான் ஞாபகம் வரும். அந்தப் பயத்தை நாங்கள் சாரணர் முகாமுக்குள் கொண்டுவர வேண்டாம்.

'சின்ன ஆசான்' என்று நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். எங்கள் படைப் பிள்ளை ஒருத்தி கேட்டுவிட்டு, "அப்ப பெரிய ஆசான் யாரு?" என்றாள். அதோடு அது முடிந்தது. தவிரவும் ஆசான் ஆண்பால். எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் அம்மாக்கள்.

என் பரிந்துரை: சான்றாசிரியர். சான்று தருகிற ஆசிரியர். இருபாலுக்கும் பொது, சாரண ஆசிரியரோடு ஒரே குடும்பமாக நிற்கிறது, வாயிலும் தடுக்கவில்லை.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்றால், படையின் கவுன்சிலர்களுக்கு ஒருங்கிணைப்பாளராக எனக்கு வரும் சிக்கல் இரண்டே வகை. இரண்டும் அந்தக் கையெழுத்தைச் சுற்றித்தான். ஒரு வகை, தாராளப் பிரபு. சனிக்கிழமை ஒரு கூடத்தில் முப்பது பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டுவார், மாலையில் முப்பது அட்டையிலும் கையெழுத்து. கூட்டமாகச் சொல்லிக்கொடுக்கத் தடை இல்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகச் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். சின்னத்துக்கான பணியில் 'செய்து காட்டு' என்று போட்டிருந்தால் வாயால் சொன்னால் போதாது. 'விளக்கு' என்றால் விளக்கினால் போதும்.

இன்னொரு வகை நம்மவர்களிடம் அதிகம். "நல்லதுக்குத்தானே" என்று ஐம்பது கேள்வியில் ஒரு தேர்வு வைப்பார், பத்துப் பக்கக் கட்டுரை கேட்பார். விதி அதற்கும் இடம் கொடுப்பதில்லை. எழுதியிருப்பதற்கு மேல் ஒன்றும் கூட்டக் கூடாது, ஒன்றும் குறைக்கக் கூடாது. ஆசிரியர் என்ற பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டவர் கூட்டுகிறார், சான்று என்ற பகுதியை லேசாக எடுத்துக்கொண்டவர் குறைக்கிறார். கையெழுத்து விழுந்த பிறகு என்னால் செய்ய முடிவது குறைவு. அதனால் பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே ஒரு காப்பி குடித்துப் பேசிவிடுவது என் வழக்கம். நிரலாக்கத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறார்கள், காட்டியலுக்கு ஒருவரைப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. அது தனிக்கதை.

அடுத்தது அட்வான்ஸ்மென்ட். முன்னேற்றம் என்றால் நாடு முன்னேறுவதிலிருந்து வீட்டுக் கடன் அடைவது வரை எல்லாம் அடங்கிவிடும். பதவி உயர்வு கூடவே கூடாது. இந்தியச் சாரணர் இயக்கத்தில் படிகளுக்குப் பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று பெயர். சோபானம் என்றால் படிக்கட்டுதான். அதனால் 'படி' நமக்குப் புதிதல்ல. நான் படியேற்றம் என்று வைக்காமல் படியேறல் என்று வைக்க விரும்புகிறேன். ஏற்றம் என்றால் யாரோ தூக்கி ஏற்றிவிடுகிற பொருளும் வந்துவிடுகிறது. பெற்றோர் பலர் அதைத்தான் செய்கிறார்கள். பிள்ளையின் பெயரில் அப்பா மின்னஞ்சல் அனுப்பி நேரம் குறிக்கிறார். முதல் சின்னத்துக்குப் பிள்ளையே போனில் பேசி நேரம் வாங்கிவிட்டால், அடுத்த ஐந்து சின்னத்துக்கு நான் ஊக்கம் கொடுக்க வேண்டிய தேவையே வராது. பதினொரு வயதுக்கு முன்பின் தெரியாத பெரியவரிடம் போனில் பேசுவது, கூடாரம் அடிப்பதைவிடக் கடினம்.

அவசரம் வேண்டிய இடமும் ஒன்று உண்டு. ஈகிள் என்ற கடைசிப் படிக்கு 21 சின்னங்கள், 18 வயது நிறைவதற்குள். அவற்றில் கட்டாயமானவை சில, நாட்களை வாங்கிச் சாப்பிடுகிறவை. குடும்ப வாழ்க்கைச் சின்னத்துக்கு வீட்டு வேலைகளை 90 நாள் குறித்து வைக்க வேண்டும். சொந்தப் பண மேலாண்மைக்கு 13 வாரம் வரவுசெலவு எழுத வேண்டும். முகாம் சின்னத்துக்கு 20 இரவுகள் கூடாரத்திலோ திறந்த வெளியிலோ தங்க வேண்டும். பதினேழரை வயதில் வந்து நின்றால் கெட்டிக்காரத்தனத்தால் 90 நாளை 60 ஆக்க முடியாது. இவற்றை 'நாள்பிடிச் சின்னங்கள்' என்று குறிப்பில் தனியாகப் போடப் போகிறேன். சொல் கொச்சையாக இருக்கிறதா?

அன்புடன்.

*

தம்பிக்கு,

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற சாரண ஆசிரியன். இங்கே சாரணியம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. உங்கள் அமெரிக்காவுக்கு நாங்கள் இரண்டே வயதுதான் இளையவர்கள். சின்னம் பார்ப்பவரை எங்கள் காலத்தில் பரீட்சகர் என்போம். பழக்கிவிடுவது படையின் வேலை, பரீட்சகர் வெளியாள். அவர் வந்து பார்த்து ஓம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார். பழக்கியவரே பார்த்தால் கண் கூசாதோ? இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிது?

இன்னொன்று. கோர்ட் ஒஃப் ஒனர் என்பதை மான மன்றம் என்று முன்னர் எழுதியிருந்தீர்கள். அது அணித்தலைவர்கள் கூடிப் படையின் காரியங்களைத் தீர்மானிக்கிற சபை. நீங்கள் அதைப் பரிசளிப்பு விழா மாதிரியல்லவா எழுதியிருக்கிறீர்கள்?

*

ஐயா, வணக்கம்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்வது சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் காலத்து வழக்கம், இந்தியாவிலும் அதேதான். அமெரிக்காவில் அந்தப் பெயர் திரிந்து, சின்னங்களும் படிகளும் வழங்குகிற விழாவுக்குப் போய்விட்டது. அணித்தலைவர்கள் கூடுவதற்கு இங்கே வேறு பெயர். அதனால் மான மன்றத்தை உங்களுக்கே விட்டுவிட்டு, இதற்குப் பாராட்டு அவை என்று போடுகிறேன். ஒரே சொல்லை இரண்டு நாட்டுப் பிள்ளைகள் இரண்டு பொருளில் படிக்க வேண்டாம். விழா மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடந்தாலும் நாங்கள் சின்னத்தை அடுத்த வாரக் கூட்டத்திலேயே கையில் கொடுத்துவிடுகிறோம். முதலுதவி முடித்த பிள்ளை அக்டோபர் வரை காத்திருந்தால் அதற்குள் சூடு ஆறிவிடும்.

பரீட்சகர் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, ஐயா. சொல்லிக்கொடுத்தவரே சான்று தருவதில் கண் கூசத்தான் செய்யும். இங்கே பெற்றோர் தம் சொந்தப் பிள்ளைக்கே கையெழுத்துப் போடவும் விதியில் தடை இல்லை. எங்கள் படையில் அதைத் தவிர்க்கச் சொல்கிறோம். சொன்னால் சிலர் முகம் கோணுகிறார்கள், "நான் மைக்ரோசாஃப்டில் இருபது வருஷம் நிரல் எழுதுகிறேன், என் பையனுக்கு நான் தராமல் யார் தருவது?" என்று. அவர் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் பிள்ளை வேறு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதற்குத்தானே இந்த ஏற்பாடே.

உங்கள் முறையில் இரண்டு ஆள், இரண்டு சொல். பரீட்சகர் அதற்குச் சரி. இங்கே ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்கிறார், அதனால்தான் இரண்டையும் சேர்த்த சொல் கேட்கிறேன். இலங்கை முறையைக் குறிக்க வரும் இடத்தில் பரீட்சகர் என்றே எழுதுகிறேன்.

நாள்பிடிச் சின்னம் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்கிறேன். மிச்சம் இருப்பது ஒன்று. பிள்ளை பாதிப் பணிகளை முடித்துவிட்டு அட்டையைக் கிடப்பில் போடும். அது 18 வயது வரை செல்லும், வேறு சான்றாசிரியரிடம் கொண்டுபோயும் தொடரலாம். இங்கே அதைப் பார்ஷியல் என்கிறார்கள். அரைகுறை என்றால் பிள்ளை கோபித்துக்கொள்ளும், நிலுவை என்றால் மின்கட்டணம் மாதிரி இருக்கிறது. குற்றம் சொல்கிற தொனி இல்லாத சொல் ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் குறிப்பில் சேர்த்துவிடுவேன்.