மறு: நத்தை ஓட்டின் மூடிக்கு என்ன சொல்? – ‘அடைசில்லு’

வணக்கம். நத்தை உள்ளே போனதும் ஓட்டின் வாசலை அடைக்கும் மூடிக்கு (ஆங்கிலத்தில் operculum) தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தார்:

> மீனுக்குச் ‘செவுள்மூடி’ இருக்கிறதே, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நத்தைக்கும் அதையே வைக்கலாம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. மீனின் மூடி செவுளைக் காக்கிறது. நத்தையின் மூடிக்கும் செவுளுக்கும் தொடர்பே இல்லை. இன்னொருவர் சொன்ன ‘வாய்மூடி’ பரவாயில்லை. ஆனால் ஓட்டின் வாயா, நத்தையின் வாயா என்று மாணவர் கேட்பார்.

பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகத்தில் ஓதம் வடிந்ததும் சேற்றுத்திட்டைப் பாருங்கள். பிரெனெல்லா சிங்குலாட்டா (பழைய நூல்களில் செரிதிடியா) என்ற நத்தை கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும். கோபுரம் போல் கூர்ந்த ஓடு, அதில் மணிமணியாகப் புடைத்த வரிகள். சேற்றின்மேல் படிந்த நுண்பாசியும் மட்கிய துகளும்தான் இரை. போன வழியெல்லாம் கோடு விழும். ஒன்றைத் தொட்டால் முதலில் தலை உள்ளே போகிறது. அப்புறம் பாதம் மடிகிறது. கடைசியாக, பாதத்தின் பின்பகுதியில் மேற்புறமாக ஒட்டியிருந்த பழுப்பு வட்டம் வந்து வாசலை அடைத்துவிடுகிறது. நகம் போல மெல்லியது, நடுவிலிருந்து சுருள் வரி ஓடும்.

இந்த வட்டம் இல்லாவிட்டால் அதற்குக் கழிமுகத்தில் பிழைப்பே இல்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் கழிமுக நீரும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நன்னீர் போலாகிவிடும். நீர் சட்டென்று மாறினால் நத்தை வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நீரை வைத்துப் பொறுத்திருக்கிறது. வடிந்த சேற்றில் வெயில் காயும்போதும் அதேதான்.

ஆகவே இங்கே வினை ‘மூடு’ அல்ல, ‘அடை’. மூடி என்றால் மேலிருந்து கவிழ்ப்பது. இதுவோ உள்ளிருந்து வந்து வாசலில் பொருந்துகிறது. கதவை அடைப்பது, மடையை அடைப்பது என்கிறோமே, அப்படி. வடிவத்துக்கு ‘சில்லு’ இருக்கிறது: பாண்டி ஆட்டத்தில் எறிவோமே, அந்தத் தட்டையான துண்டு. இரண்டையும் சேர்த்து அடைசில்லு. நல்ல வினைத்தொகை. கணினிச் சில்லோடு குழம்பும் என்ற கவலையும் வேண்டாம், ‘அடை’ முன்னால் நிற்கிறது. வயல் நத்தையின் கெட்டியான சுண்ணாம்பு மூடிக்கும் இது பொருந்தும்.

களத்திலும் உதவும். அந்தத் திட்டில் நடக்கும் ஓடுகள் எல்லாமே நத்தை அல்ல. சிலவற்றுள் துறவி நண்டு குடியிருக்கும். தொட்டதும் வாசலில் கொடுக்கு தெரிந்தால் நண்டு, அடைசில்லு தெரிந்தால் நத்தை.

இன்னொன்று பாக்கி. தோட்டத்தில் பார்க்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தைக்கு அடைசில்லு கிடையாது. வறட்சியில் தன் சளியையே வாசலில் உலரவிட்டுப் படலம் கட்டிக்கொள்ளும். அதை ‘அடைபடலம்’ எனலாமா? கருத்துச் சொல்லுங்கள்.